எல்லைப் பாறையில் மூட்டிய அடுப்பு

கொல்லிமலைக்குத் தனியாகப் போய், கடுக்காய்ப் பேரம் பேசி முடித்துவிட்டு நேற்றுத்தான் வீடு வந்து சேர்ந்தேன். நீ இல்லாமல் போன முதல் பயணம் இது. காலையில் நம் கித்தானை வெயிலில் விரித்தேன். விறகுப் புகையும் மாட்டு வேர்வையும் உன் சுருட்டு நாற்றமும் ஒன்றாகக் கிளம்பின. செவ்வாய்ப்பேட்டையில் நம் கடைக்குப் போகாமல் பின்கட்டில் உட்கார்ந்து உனக்கு எழுதுகிறேன், கூட்டாளி.

பழைய வழியேதான் போனேன். இப்போது புதுச்சத்திரம் பக்கம் மோட்டார் பஸ் ஓடுகிறது. உப்பு சுமந்த பொதிமாட்டை அதில் ஏற்றவா முடியும்? ராசிபுரத்தையும் நாமக்கல்லையும் இரண்டு பக்கமும் ஒதுக்கிவிட்டு, நீ காட்டிய இட்டேரிப் பாதைகளிலேயே நடந்தேன். ஊருக்குள் நுழைந்தால் தரகர்கள் மாட்டைப் பார்த்தே சரக்கை மோப்பம் பிடிப்பார்கள் என்பாய். தங்கிய இடங்களில் கித்தானின் மறுமுனையைப் பிடிக்க ஆளில்லை. வேப்பமரத்தில் அதை முடிந்து கட்டுவதற்குள் நான் பட்ட பாட்டை மாடு அசைபோட்டபடி பார்த்துக்கொண்டிருந்தது. நீ இருந்திருந்தால் அதோடு சேர்ந்து சிரித்திருப்பாய்.

மலை ஏறுவதற்குள் முழங்கால் விட்டுப்போயிற்று. நாம் காய் வாங்கும் ஊரின் எல்லைப் பாறையை அடைந்தபோது தூறல், நல்ல பசி. முன்பெல்லாம் அந்தப் பாறையில் சுருட்டைப் பற்றவைக்காமல் வாயில் வைத்துக்கொண்டு நீ சும்மா உட்கார்ந்திருப்பாய். பொழுது போகிறது, அடுப்பை மூட்டு என்று கத்துவேன். "இருடா. உனக்கு மட்டும் பொழுது வட்டிக்கா ஓடுது?" என்பாய். கொஞ்ச நேரத்தில் ஊரிலிருந்து யாராவது ஓட்டில் நெருப்புக் கங்கு கொண்டுவந்து தருவார்கள். நீ தீக்குச்சியை மிச்சம் பிடிக்கிறாய் என்றே நினைத்திருந்தேன்.

இந்தத் தடவை நானே தீப்பெட்டியை உரசி அடுப்பு மூட்டிக் கஞ்சி வைத்தேன். புகையைப் பார்த்துவிட்டு ஊர்ப்பெரியவர் வெறுங்கையோடு வந்து நின்றார்.

"ஏனுங்க, எங்க ஊட்டு அடுப்பெல்லாம் அணைஞ்சு போச்சுன்னு யாராச்சும் சொன்னாங்களா?"

கேலி பேசுகிறார் என்று நினைத்து, கடுக்காய்க்கு விலை பேச ஆரம்பித்தேன். இந்த வருசம் உங்களுக்குக் காய் இல்லை, கீழே இருந்து வேறொருவர் கேட்டிருக்கிறார் என்று சொல்லிவிட்டார். தோல் பதனிடும் கிடங்குக்கு வாக்குக் கொடுத்தாயிற்று. அந்த ஊர் கைவிட்டால் நம் கடுக்காய் வியாபாரமே அதோடு சரி. இந்த வயதில் வேறு மலை தேடிப் போக என் காலில் தெம்பில்லை.

கூட்டாளி வரவில்லையா என்று கேட்டார். தை மாதம் நீ கண்ணை மூடியதைச் சொன்னேன். பெரியவர் அப்படியே பாறையில் உட்கார்ந்துவிட்டார். பிறகுதான் விவரம் சொன்னார். எல்லையில் தன் நெருப்பில் சமைக்கிறவன் வழிப்போக்கன். ஊர் நெருப்பை வாங்கிச் சமைக்கிறவன்தான் விருந்தாளி. விருந்தாளிக்குத்தான் காய் தருவார்கள்.

"உங்க கூட்டாளிச் சாமிக்குத் தெரியுமுங்க. இத்தன வருசம் கூடவே வந்தீங்க, உங்களுக்குத் தெரியாதுங்களா?"

நீ ஒரு வார்த்தை சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா?

கொதித்த கஞ்சியை அடுப்பிலேயே ஊற்றி அணைத்தேன். பெரியவர் எழுந்து ஊருக்குள் போனார். நான் உன்னைப்போலப் பாறையில் உட்கார்ந்தேன். நனைந்தேன். குடல் காய்ந்தது. எழுந்து போய்விடலாமா என்றுகூடத் தோன்றியது. ஆனாலும் உட்கார்ந்திருந்தேன். வியாபாரத்தில் எனக்கு வராதது காத்திருப்பது ஒன்றுதான். அதை நீ எனக்கும் சேர்த்துச் செய்துகொண்டிருந்தாய். இனி நான்தான் உட்கார வேண்டும்.

தூறல் விட்டதும் பெரியவரே ஓட்டில் கங்கோடு வந்தார். இரண்டாம் தரம் கஞ்சி வைத்து, இருவரும் குடித்தோம். அதன் பிறகே பேசினோம்.

பேச்சு இதுதான்: பழையபடி ஒரு பொதி உப்புக்கு இரண்டு பொதி கடுக்காய். காயை அவர்களே அடிவாரத்துக்கு இறக்கித் தருவார்கள். வருசா வருசம் நானே ஏறி வர வேண்டும், ஆள் அனுப்பக் கூடாது. தீப்பெட்டி கீழேயே இருக்க வேண்டும்.