பின்ஸியின் சிரிப்பும் ஆஸ்பத்திரியைத் தாண்டிப் போன வள்ளமும்

என் அன்பு மகள் ரோஸ்லினுக்கு அப்பச்சன் எழுதுவது,

இங்கே நாங்கள் மூன்று பேரும் சுகம், பசுவும் சுகம், என் முழங்கால் மட்டும் மழை முடியும்வரை தன்னை எதிர்பார்க்க வேண்டாம் என்று சொல்லிவிட்டது. அங்கே அயர்லாந்துக் குளிரில் நீ காதை மூடிக்கொண்டு, வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று மாதாவை நம்பி இருக்கிறோம். தண்ணீர் நம் வாசலில் இரண்டு படி ஏறி, யோசித்துவிட்டு இறங்கிப் போய்விட்டது, அதனால் கவலைப்படாதே. போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்பாய். அந்த வீடியோவை ஊரில் உள்ளவன் எல்லாம் உனக்கு அனுப்பியிருப்பான். பெண்பிள்ளைகள் துடுப்புப் போடும் வள்ளம் ஆஸ்பத்திரிப் படகுத்துறையைத் தாண்டிப் பறக்கிறது, நடுவில் ஒரு கிழவன் துண்டை ஆட்டிக்கொண்டு குதிக்கிறான், அது நான்தான். பதினான்கு வினாடி வீடியோவில் முன்னும் இல்லை பின்னும் இல்லை. உன்னைப் பெற்ற அம்மச்சியைச் சொல்லச் சொன்னால் பிரசவத்தில் ஆரம்பித்துக் கரிமீன் விலையில் போய் நிற்பாள். ஆகவே நானே எழுதுகிறேன்.

அக்கரை அஸ்வதி தெரியும் அல்லவா, லாரி ஓட்டும் ஹரியின் மனைவி, தலைப்பிரசவம். அவன் குஜராத்தில். போன செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு, டாக்டர் சொன்ன நாளுக்கு மூன்று வாரம் முன்னாலேயே வலி எடுத்துவிட்டது. ரோட்டில் இடுப்பளவு தண்ணீர். நான் நம் மோட்டார் வள்ளத்தில் அவளையும் துணைக்கு உன் அம்மச்சியையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். பாதித் தூரம் போகவில்லை, ஆகாயத்தாமரை மொத்தமாக மிதந்து வந்து மோட்டார் விசிறியில் சுற்றிக்கொண்டது. வெட்டுகிறேன், வெட்டுகிறேன், வெட்ட வெட்டச் சுற்றுகிறது. அஸ்வதி என் பரம்பரையையே திட்டினாள், நல்ல பிள்ளை, வலியில்தானே. பனிக்குடம் உடைந்துவிட்டது என்று உன் அம்மச்சி என் காதில் சொன்னாள். பிள்ளை குறுக்கே கிடக்கிறது, ஆபரேஷன் வேண்டும் என்று ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள். இங்கேயே ஆகிவிட்டால் இரண்டு உயிரும் போகும்.

அப்போதுதான் ஓணப் பந்தயத்துக்குப் பயிற்சி எடுக்கும் நம் பள்ளிப் பெண்பிள்ளைகளின் வள்ளம் வளைவில் வந்தது. துடுப்புக்கு இருபத்திரண்டு பேர், தாளத்துக்கு ஒருத்தி, எல்லாம் பதினைந்து பதினாறு வயசு. கடைசி வரிசையில் உன் தங்கை பின்ஸி. அவள் ஏன் கடைசியில் என்று உனக்குத் தெரியாது. பயந்தால் சிரிக்கும் வியாதி அவளுக்கு இன்னும் போகவில்லை. இவள் சிரித்தால் வரிசை முழுக்கத் தாளம் தப்புகிறது என்று பயிற்சி கொடுக்கிற ஆசான் அவளைப் பின்னால் தள்ளிவிட்டார், அன்று அவர் வள்ளத்தில் இல்லை. என் அப்பன், உன் வல்யப்பச்சனின் அடக்கத்தில் கடைசி முத்தம் கொடுக்கப் போகும்போது அவள் சிரித்ததும், நான் சர்ச் முற்றத்தில் நானூறு பேர் பார்க்க அவள் கன்னத்தில் அறைந்ததும் உனக்குத் தெரியும். அன்றிலிருந்து ஒரு வருஷமாக அவள் என்னோடு பேசுவது ஒரே எழுத்துதான், 'ம்'. நானும் சும்மா இருந்தேனா, உன்னைக் காட்டி, அக்காவைப் பார், அக்காவைப் பார் என்று அவளைக் குத்திக்கொண்டே இருந்தேன்.

சரி, கதைக்கு வருகிறேன். அஸ்வதியை அந்த வள்ளத்தின் நடுப்பலகைக்கு மாற்றி, நானும் உன் அம்மச்சியும் கூடவே ஏறினோம். அது பாம்பு மாதிரி ஒடுங்கின வள்ளம், யாராவது தும்மினால்கூட ஆடும். நடுவில் நின்று கம்பால் பலகையில் இடித்துத் தாளம் போடுகிற நீது என்ற பெண் அஸ்வதியின் புடவையில் ரத்தத்தைப் பார்த்தாள், அப்படியே கண் சொருகி உட்கார்ந்துவிட்டாள். தாளம் இல்லாமல் இருபத்திரண்டு துடுப்பும் இருபத்திரண்டு பக்கம் போகிறது. பிள்ளைகள் அழ ஆரம்பித்துவிட்டார்கள். பின்னாலிருந்து ஒருத்தி எழுந்து எல்லார் தோளையும் பிடித்துப் பிடித்து நடுவுக்கு வருகிறாள், பார்த்தால் நம் பின்ஸி, கெக்கேபிக்கே என்று சிரித்துக்கொண்டு. எனக்கு உயிரே போய்விட்டது. வாயை மூடிக்கிட்டுப் போய் உக்காருடி, எல்லாரையும் கவுத்துடுவே என்று கத்தினேன். அவள் சிரிப்போடு சிரிப்பாக, அப்பச்சா, ஆடுறது நீங்கதான், நீங்க உக்காருங்க என்றாள். ஒரு வருஷத்தில் அவள் என்னிடம் பேசிய முதல் முழு வாக்கியம் அதுதான் மகளே. நான் உட்கார்ந்துவிட்டேன்.

அவளால் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஆனால் கம்பை எடுத்து, சிரிப்புக்கும் சிரிப்புக்கும் நடுவில் இடித்தாள். ஹஹ்ஹா, டும், ஹஹ்ஹா, டும். முதலில் முன்வரிசைப் பெண்கள் இரண்டு பேர் அந்தத் தாளத்தைப் பிடித்தார்கள், பிறகு எல்லோரும். அழுத பிள்ளைகள் சிரித்துக்கொண்டே துடுப்புப் போடுகிறார்கள், வள்ளம் கிளம்பின வேகத்தில் உன் அம்மச்சியின் ஜெபமாலை என் மடியில் வந்து விழுந்தது. அஸ்வதிக்கும் தொற்றிக்கொண்டது. அடி பாவிகளா, சிரிக்க வைக்காதீங்கடி, வலிக்குது என்று திட்டிக்கொண்டே அவளும் சிரிக்கிறாள்.

இப்போது அந்த வீடியோவின் விஷயம். இந்தப் பிள்ளைகளுக்கு ஆசான் எல்லாம் சொல்லிக்கொடுத்தார், நிறுத்த மட்டும் சொல்லிக்கொடுக்கவில்லை. பயிற்சி தினமும் முடிவது ஆஸ்பத்திரி தாண்டிப் பாலத்தில். ஆஸ்பத்திரித் துறையில் ஸ்ட்ரெச்சரோடு நான்கு பேர் நிற்கிறார்கள், நாங்கள் அவர்கள் முன்னால் சர்ரென்று போகிறோம், நான் உட்கார்ந்த இடத்திலேயே குதித்துத் துண்டை ஆட்டுகிறேன், ஒரு நர்ஸ் பதிலுக்குக் கையை ஆட்டுகிறாள். பாலம் வந்ததும் இருபத்தோரு பேரும் பழக்க தோஷத்தில் துடுப்பைத் தூக்கிப் பிடித்து, பந்தயத்தில் ஜெயித்த மாதிரி ஆர்ப்போ, இர்ரோ என்று கூவினார்கள். அஸ்வதி தலையைத் தூக்கி, எந்தக் கப்புடி வாங்கப் போறீங்க, ஆஸ்பத்திரி பின்னால போயிடுச்சு என்றாள்.

அவ்வளவு நீள வள்ளத்தை அந்த ஒடுக்கத்தில் திருப்ப அரை மணி ஆகும். எனக்கு மூளை வேலை செய்யவில்லை, ஐம்பது வருஷமாகத் தண்ணீரில் கிடக்கிறவன், சத்தியமாக ஒன்றும் தோன்றவில்லை. வள்ளத்தைத் திருப்ப வேண்டாம், நாம திரும்பி உக்காருவோம் என்றாள் பின்ஸி. அவ்வளவுதான். எல்லோரும் இருந்த இடத்திலேயே முதுகு மாறி உட்கார்ந்தார்கள், வால் தலையானது, கடைசி வரிசை முதல் வரிசையானது. டும், டும், டும். பாதி வழியில்தான் எனக்கு உறைத்தது, ஒரு சிரிப்புச் சத்தம் குறைகிறது. மற்றவர்கள் சிரிக்கிறார்கள், பின்ஸி சிரிக்கவில்லை. துறைக்குப் பத்துத் துடுப்பு வீச்சு முன்னால், துடுப்பைத் தண்ணியில அமுக்கிப் பிடிங்க என்றாள், வள்ளம் பூனைபோல் போய் நின்றது. அவளுக்குப் பயம் விட்டுப் போயிருந்தது மகளே. நான் அவளைப் பெற்றவன், அன்றைக்குத்தான் அவளைப் பார்த்தேன்.

பெண் குழந்தை, இரண்டரைக் கிலோ, தாயும் சுகம். ஆசான் பின்ஸியிடம் கம்பைக் கொடுத்துவிட்டார், பந்தயத்திலும் அவள்தான் தாளம். நீதுவுக்கும் வருத்தமில்லை, ரத்தம் இல்லாத இடமாகப் பார்த்து உட்கார வையுங்கள் என்றாள்.

இனி யாரிடமும் சொல்லாததை உனக்குச் சொல்கிறேன். அன்று சாயங்காலம் பின்ஸி கோழிக்குத் தவிடு பிசைந்துகொண்டிருந்தாள். சர்ச் முற்றத்தில் அவளை அடித்தது என் தப்பு என்று சொல்லப் போனேன். வாயில் எல்லாம் தயாராக இருந்தது. பக்கத்தில் போனதும் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது, பேச்சு வரவில்லை, சிரிப்பு வந்துவிட்டது. கெக்கேபிக்கே என்று, அடக்க அடக்க, கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் சிரிக்கிறேன். பின்ஸி தவிட்டுக் கையோடு என்னையே பார்த்தாள். பிறகு என் தோளில் கையைப் போட்டு, பரவால்ல அப்பச்சா, எனக்குப் புரிஞ்சுடுச்சு என்றாள். உன் அம்மச்சி அடுக்களையிலிருந்து, இந்த வியாதி எந்த வீட்டுதுன்னு இப்பவாவது தெரிஞ்சுதே என்றாள். சட்டையில் தவிடு இன்னும் இருக்கிறது, துவைக்கக் கொடுக்கவில்லை.

மாதா உன்னை மழையிலும் பனியிலும் கைப்பிடித்து நடத்தட்டும், உன் நோயாளிகளுக்கும் நல்ல சுகம் கிடைக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது மறக்காமல் முதலில் பின்ஸியிடம் பேசு, அதன் பிறகு போதும் நாங்கள்.

உன் அப்பச்சன்,
பயந்தாங்கொள்ளி ஔசேப்பு