கண்ணாடி முன் பெரட்டு

அம்மா,

புந்தோங் வாழ் பெருமக்களே, தாய்மார்களே, சந்து முனையில் படுத்திருக்கும் நாய்களே! இதனால் சகலருக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில்: பக்கத்து வீட்டுச் செவலைக் கோழி இன்று காலை உன் மோட்டார் சைக்கிளின் முன்கூடைக்குள் ஏறி உட்கார்ந்து, ஒரு முட்டையை வெற்றிகரமாக இட்டுவிட்டது. தாயும் முட்டையும் நலம். முட்டை யாருக்குச் சொந்தம் என்பது பற்றித் தங்கச்சிக்கும் பக்கத்து வீட்டு அக்காவுக்கும் பேச்சுவார்த்தை நடக்கிறது. "கோழி உங்களது, கூடை எங்களது, அதனால ஆளுக்குப் பாதி" என்று தங்கச்சி தீர்ப்புச் சொல்லிவிட்டாள். பச்சை முட்டையை எப்படிப் பாதியாக்குவது என்று மட்டும் அவளுக்கு இன்னும் தெரியவில்லை.

கோழியை விரட்டப் போனவன் கூடையில் கிடந்த உன் ஹெல்மெட்டைக் கையில் எடுத்தேன். அங்கேதான் மாட்டிக்கொண்டேன். உள்ளே உன் தேங்காய் எண்ணெய் வாசம் அப்படியே இருக்கிறது. கொஞ்ச நேரம் அதற்குள் மூக்கை விட்டுக்கொண்டு நின்றேன் போலிருக்கிறது. "என்னாடா, உள்ள சோறா இருக்கு?" என்று அந்த அக்கா கேட்ட பிறகுதான் தலையை வெளியே எடுத்தேன்.

இரண்டாவது அறிவிப்பு கொஞ்சம் பெரியது. நாளைக் காலை எனக்கு மோட்டார் லைசன்ஸ் சோதனை. மின்சார வேலை படிக்க ஈப்போவின் அந்தக் கோடியில் மாலை வகுப்பில் இடம் கிடைத்திருக்கிறது. வகுப்பு விடும்போது கடைசி பஸ் போயிருக்கும். லைசன்ஸ் கிடைத்தால் படிப்பு. கிடைக்காவிட்டால் காய்கறிக் கடையில் கோஸ் மூட்டை தூக்குவதுதான். உன்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் நான் எந்தக் காரியத்துக்கும் கிளம்பியதில்லை. பொய்யாவது சொல்லிவிட்டுத்தான் போவேன். அதனால் எழுதுகிறேன்.

நாம் சிலிம் ரிவர் பக்கத்துத் தோட்டத்தை விட்டு வந்த வருஷம் நினைவிருக்கிறதா? தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றார்கள். ரப்பர்ப் பால் மரங்களை வெட்டிச் சாய்த்த இடத்தில் எண்ணெய்க்குச் செம்பனை வைத்தார்கள். அப்பா கேமரன் மலைக் காய்கறித் தோட்டத்துக்குப் போய், மாதம் ஒருமுறை தாப்பாவில் பஸ் மாறி வருகிற விருந்தாளி ஆகிவிட்டார். நீ எங்கள் இருவரையும் இழுத்துக்கொண்டு இங்கே வந்து, சட்டை தைக்கும் ஃபேக்டரியில் வேலை கேட்டாய். வேலை இருக்கிறது, விடியுமுன்னே வர வேண்டும், அந்த நேரத்துக்கு உங்கள் பக்கம் பஸ் இல்லை என்றாள் அங்கிருந்த சீனப் பெண்மணி. "மோட்டார் ஓட்டத் தெரியுமா?" என்று கேட்டாள். நீ கொஞ்சமும் யோசிக்காமல், "தெரியும்லா" என்றாய். மாதக் கடைசிக்குள் லைசன்ஸோடு வந்தால் வேலை என்று சொல்லி அனுப்பினாள்.

சைக்கிளையே தள்ளிக்கொண்டு மட்டும் நடந்தவள் நீ. வெளியே வந்ததும் உன்னைப் பார்த்தேன். "என்னாடா பாக்குற? மொதல்ல தெரியும்னு சொல்லணும். அப்பறம் தெரிஞ்சுக்கணும்" என்றாய்.

மாமா தன் பழைய மோட்டாரைக் கொடுத்தார். கோயில் பின்னால் இருந்த காலித் திடலில் உனக்குப் பயிற்சி. பயிற்சியாளர், ஆலோசகர், அவசர மருத்துவர் எல்லாம் நான்தான். சோதனையில் எட்டுப் போட வேண்டும், காலைக் கீழே ஊன்றக் கூடாது. நீயோ எட்டுப் போடச் சொன்னால் எட்டாத தூரத்துக்குப் போய்விடுவாய். வளையச் சொன்னால் நேராகப் போவாய், நிற்கச் சொன்னால் வளைவாய். தினமும் காலையில் சமையலறைக் கதவில் தொங்கிய கண்ணாடி முன்னால் நின்று, பல்பொடி வாயோடு, "விழ மாட்டேன், விழ மாட்டேன், இன்னைக்கு விழ மாட்டேன்" என்று முணுமுணுப்பாய். பிறகு திடலுக்குப் போய் ஒழுங்காக விழுவாய். ஒருமுறை சாக்கடையில், மோட்டார் மேலே நீ கீழே. தூக்கிவிட வந்த மாமா, "குளிக்கணும்னா வீட்லயே குளிச்சிருக்கலாமே" என்றார். நான் சிரித்தேன். வீடு வரை மோட்டாரை நீ என்னையே தள்ள வைத்தாய்.

முதல் சோதனையில் எட்டின் முதல் வளைவிலேயே காலை ஊன்றிவிட்டாய். மலாய்க்கார அதிகாரி முகத்தை நிமிர்த்தாமலே, "காகால்" என்றார். தோல்வி என்று அர்த்தம். அந்தச் சொல் காக்கா கத்துவது போலவே இருந்தது. மாதக் கடைசிக்கு முன்னால் இன்னும் ஒரே ஒரு சோதனைதான் பாக்கி. அன்றைக்கு நீ சோறு பொங்கினாய், பரிமாறினாய், சாப்பிடவில்லை. "தையல் வேலைதானே, போனாப் போவுது" என்றாய். அந்த வேலை இல்லாவிட்டால் நாங்கள் இருவரும் பள்ளியை விட்டு நிற்க வேண்டிவரும் என்று தங்கச்சிக்குக் கூடத் தெரியும்.

மறுநாள் விடியலில்தான் என் திருவிளையாடல். உன் முகத்தில் ஒரு சிரிப்பாவது வரட்டும் என்று பின்வாசலில் ஒளிந்துகொண்டு, மூக்கைப் பிடித்துக்கொண்டு, தோட்ட ஆபீஸ் கிராணியார் விடியற்காலைப் பெரட்டில் வேலையாட்களைக் கூப்பிடுவது போலவே உன் பெயரை நீட்டிக் கூப்பிட்டேன். அந்த யாழ்ப்பாணத்து ஐயா இருட்டோடு விளக்கைப் பிடித்துக்கொண்டு ஆள் கணக்கெடுக்கும் குரல், எனக்கு அப்படியே வரும்.

நீ கண்ணாடி முன்னால் இருந்தாய். அடுத்த நொடி வாயில் பல்பொடி நுரையோடு பின்வாசலில் விறைப்பாக நின்று, "வந்துட்டேங்கையா!" என்று கத்தினாய்.

நான் தரையில் உருண்டு சிரித்தேன். நீ விளக்குமாற்றை எடுத்தாய். இரண்டு அடி விழுந்தது. மூன்றாவது அடிக்கு ஓங்கிய கை அப்படியே நின்றது.

"டேய், சிரிக்காம சொல்லு. நான் எப்படி வந்தேன்?"

"ஓடி வந்தே."

"தடுக்குனேனா?"

"இல்லமா."

"பயந்தேனா?"

"பயப்பட எங்க நேரம்? பறந்துல்ல வந்தே."

விளக்குமாற்றைக் கீழே போட்டுவிட்டு வாசற்படியில் உட்கார்ந்தாய். "அந்தச் சத்தத்துக்கு எத்தன வருஷம் எந்திரிச்சிருக்கேன்! மழையில, காய்ச்சல்ல, நீ வயித்துல இருக்கறப்ப. வாய் வந்துட்டேன்னு சொல்லிட்டா, காலு வந்துதானே ஆகணும்." பிறகு யாரிடமோ சண்டைக்குப் போவது போலக் கேட்டாய்: "அவரு கூப்பிட்டா வருவேன், நான் கூப்பிட்டா வர மாட்டேனா?"

எனக்கும் அப்போதுதான் மூளை வேலை செய்தது. "நீ தினமும் யாரக் கூப்பிடுற? 'விழ மாட்டேன், விழ மாட்டேன்'னு விழுறதத்தான் கூப்பிடுற. அதுவும் மரியாதையா வந்து நிக்குது" என்றேன். நீ என் காதைத் திருகினாய். ஆனால் வலிக்காமல் திருகினாய்.

அன்றிலிருந்து நம் வீட்டில் காலைப் பெரட்டு. கண்ணாடிக்கு முன்னால் நிமிர்ந்து நிற்பாய். கிராணியார் குரலில் உன் பெயரை நீயே கூப்பிடுவாய். உன் சொந்தக் குரலில், "வந்துட்டேன்" என்பாய். பிறகு அன்றைய வேலையையும் நீயே கொடுப்பாய்: "இன்னைக்கு எட்டுப் போடுறா. கால ஊனாம போடுறா. லைசன்ஸ் எடுக்குறா." மாமா ஒருநாள் பார்த்துவிட்டு, "என் தங்கச்சிக்கு, உங்கம்மாவுக்கு, சாமி வந்துருச்சா?" என்று என்னிடம் ரகசியமாகக் கேட்டார். "கிராணியார் வந்துருக்காரு மாமா" என்றேன்.

சும்மா சொல்லக் கூடாது, சொன்னதோடு நீ நிறுத்தவில்லை. திடலில் சுண்ணாம்பால் எட்டு வரைந்து, அது அழிகிற வரைக்கும் சுற்றினாய். விழுந்தாய். எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டு உன் பெயரைக் கூப்பிட்டாய். "வந்துட்டேன்" என்று ஏறினாய். திண்ணென்று வீங்கிய கணுக்காலில் துணியைச் சுற்றிக்கொண்டு ஏறினாய். மெல்ல மெல்ல விழுவது குறைந்தது. கூப்பிடுவது மட்டும் குறையவில்லை.

உன் இரண்டாவது சோதனை நடந்த நாளை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். வரிசையில் எல்லாரும் இளவட்டங்கள். சேலையை வரிந்து கட்டிய ஒரே ஆள் நீ. ஒரு பையன், "மச்சான், இந்தம்மா சந்தைக்கு வழி கேக்க வந்துருக்கு" என்றான். உன் முறை வந்தது. மோட்டாரில் ஏறி உட்கார்ந்தாய். கிளம்பவில்லை. திடல் முழுக்கக் கேட்கும்படி உன் பெயரைக் கூப்பிட்டாய். பிறகு நீயே, "வந்துட்டேன்!" என்றாய்.

அதிகாரி அன்றுதான் முதன்முறையாக முகத்தை நிமிர்த்தினார். யார் கூப்பிட்டது என்று மலாயில் கேட்டார்.

"சாயா, தூவான்" என்றாய். நான்தான் ஐயா என்று.

யாரைக் கூப்பிட்டாய் என்றார்.

"சாயா பாங்கில் சாயா." நான் என்னைக் கூப்பிட்டேன்.

அந்தப் பையன்கள் சிரித்த சிரிப்பில் காக்கைகள் பறந்தன. அதிகாரி மட்டும் சிரிக்கவில்லை. "சரி, வந்தாயிற்று அல்லவா, ஓட்டு" என்பது போலக் கையைக் காட்டினார். நீ ஓட்டினாய். முதல் வளைவு, நடு வளைவு, கடைசி வளைவு. கால் கீழே வரவே இல்லை. எட்டை முடித்த பிறகும் நிற்காமல் இன்னொரு எட்டுப் போட்டாய். "போதும், போதும்" என்று அவர் ஓடி வந்து நிறுத்த வேண்டியதாயிற்று.

நீ தைத்த சட்டைகளை எந்தெந்த நாட்டில் யார் யார் போட்டிருக்கிறார்களோ தெரியாது. அந்தச் சட்டைகள்தான் எங்களைப் படிக்க வைத்தன. போன வருஷம் வயிற்றில் கட்டி என்றார்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் விடியலில் உன் உதடு அசையும். பக்கத்துக் கட்டில் பாட்டி ஜபம் என்று நினைத்துக் கும்பிட்டாள். கடைசி வாரம் உனக்குக் குரல் இல்லை. "நீ கூப்பிடு" என்று கண்ணால் சொன்னாய். மூக்கைப் பிடித்துக்கொண்டு கூப்பிட்டேன். பதில் சொல்ல முடியவில்லை உனக்கு. போர்வைக்குள் காலை மட்டும் கொஞ்சம் நகர்த்திக் காட்டினாய்.

சரி, அழுமூஞ்சிக் கதை போதும். உன் மகன் இப்போது எப்படி இருக்கிறான் தெரியுமா? சிங்கம்! தினமும் விடியலில் வாசலில் நின்று, நெஞ்சை நிமிர்த்தி என் பெயரைக் கூப்பிடுகிறேன். தெருவே எழுந்துகொள்கிறது. சேவல்களுக்கு வேலை போய்விட்டது. "வந்துட்டேன்" என்று நான் சொன்னால் கோயில் மணி தானாக ஆடுகிறது. எட்டு என்ன எட்டு, நாளைக்கு உன் மகன் எண்பத்தெட்டே போடுவான். உனக்கு இரண்டு தடவை ஆயிற்று. எனக்கெல்லாம் ஒரே தடவை.

இந்த இடத்தில் கையெழுத்துப் போட்டு முடித்துவிடலாம் என்று நினைத்தேன். முடியவில்லை. உனக்குப் பொய் சொல்லும்போது பேனா கூட என்னைப் பார்க்கிறது.

நாளைக்கு எனக்கு மூன்றாவது தடவை, அம்மா. இரண்டு "காகால்" ஏற்கெனவே வாங்கிவிட்டேன். இரண்டும் முதல் வளைவில்தான். உனக்கு ஆலோசனை சொன்ன காலத்தில் எனக்கு மோட்டாரை ஸ்டார்ட் பண்ணக் கூடத் தெரியாது என்பது உனக்கும் அப்போதே தெரிந்திருக்கும்.

அப்புறம், அந்த வாசல் விஷயம். நான் வாசலில் நின்று கூப்பிடுவதே இல்லை. யாராவது சிரிப்பார்களோ என்று குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டு, குழாயை முழுசாகத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் கூப்பிடுகிறேன். எனக்கே சரியாகக் கேட்பதில்லை. தங்கச்சி கதவைத் தட்டி, "யாருண்ணே உள்ள? ரெண்டு பேரு குரல் கேக்குது" என்கிறாள். வாளி பேசுகிறது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

திடல் நடுவில், அத்தனை பையன்கள் முன்னால், நீ எப்படிக் கூப்பிட்டாய் என்று இப்போதுதான் மலைப்பாக இருக்கிறது. எனக்கு அவ்வளவு தைரியம் வரவில்லை. நாளைக்குக் குழாயை மட்டும் மூடிவிட்டுக் கூப்பிடுகிறேன்.

தாழ்ப்பாள் இருக்கட்டும்.