எருமைக்குக் குரல் கொடுத்த அண்ணன்

ஜூலை 8, செவ்வாய். திண்டிவனம்

காலையிலேயே சுள்ளென்று வெயில். அச்சுக் கடையில் கல்யாணப் பத்திரிகை இரண்டு, கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒன்று டிசைன் செய்தேன். முதலாளி சாப்பிடப் போனதும் என் அனிமேஷன். ப்ளெண்டர் மென்பொருளில் எருமையின் வால் ஒருவழியாக ஆடுகிறது! இதுவரை முதுகுக்குள் புகுந்துகொண்டிருந்தது. இலவசம்தான், சொல்லித்தர ஆளில்லை. முகம் தெரியாத யாரோ இணையத்தில் எழுதி வைத்த பதில்தான் கைகொடுத்தது.

பைபாஸ் நடுவில் ஓர் எருமை படுத்துக்கொள்கிறது. ஏன் என்று அது சொல்லி முடிக்கும்வரை பஸ், லாரி எல்லாம் காத்திருக்கின்றன. அவ்வளவுதான் கதை. எருமைக்குக் குரல், என் அண்ணன் ஆரோக்கியம். கனமான குரல். ஆனால் பேச்சு திக்கும். திக்கிய இடமெல்லாம் இன்று வெட்டி எடுத்தேன். வெட்டியதே தெரியவில்லை. யாரும் அவனைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது.

ஜூலை 9, புதன். விழுப்புரம், வீடு

ஒர்க்‌ஷாப்பிலிருந்து அண்ணன் வந்ததும் போட்டுக் காட்டினேன். ஹெட்போனைக் கழற்றி வைத்தான்.

"யாரு பேசறது இது?"

"நீதாண்ணா."

"நா இல்ல. நா பேசிக்கினு இருக்கும்போதே எல்லாரும் என் வார்த்தய அ... அவங்களே முடிச்சிடுவாங்க. நீயும் முடிச்சிட்டியே, லூர்து."

அடுப்பில் போட்டிருந்த தோசை தீய்ந்தது.

ஜூலை 10, வியாழன்

வெட்டியதை எல்லாம் திரும்பச் சேர்த்தாயிற்று. எருமையின் வாயசைவு முழுக்க முதலிலிருந்து. பேஜாரு. கண் எரிச்சல்.
வாங்க: கண் சொட்டு மருந்து, பென்டிரைவ், வறுத்த மல்லாட்டை.

ஜூலை 13, ஞாயிறு

பூசை முடிந்து கோயில் ஹாலில் திரையிட்டோம். ஃபாதர்தான் அனுமதி கொடுத்தார். நல்ல கூட்டம். மின்விசிறி சத்தம். எருமை முதல் தடவை திக்கியதும் பின்வரிசையில் களுக்கென்று சிரிப்பு. திரும்பிப் பார்த்தேன். அண்ணன் வாசற்படியில், பாதி வெளியே.

எருமை மறுபடி ஆரம்பித்தது. எனக்குப் பின்னால் ஒரு அம்மா: "சும்மா இருங்கடா, அது சொல்லி முடிக்கட்டும்."

ஹால் அமைதி. எருமை: "கா... கால் வலிக்குது. நீங்களும் கொ... கொஞ்சம் உக்காருங்களேன்."

ஹாலே சிரித்தது. இது வேறு சிரிப்பு. அண்ணனும் சிரித்தான். அப்பாடா.

ஜூலை 14, திங்கள்

இணையத்தில் ஏற்றியாயிற்று, மூலக் கோப்புகளோடு. யாரும் எடுத்துக்கொள்ளலாம், மாற்றலாம், தங்கள் மொழியில் பேசலாம். எங்கள் பெயரைப் போட்டால் போதும். ஏற்றுவதற்கு முன் அண்ணன் கேட்டான்:

"மாத்தலாம்னா, திக்கறத எ... எடுத்துடுவாங்களா?"

"எடுக்கலாம்ணா. தடுக்க முடியாது."

திரையை எட்டிப் பார்த்தான். "சரி, போடு. நம்மளுது அப்டியே இருக்குமில்ல?"

இருக்கும் என்றேன்.

ஜூலை 26, சனி

மழை. லீவு போட்டேன். ஆந்திராவிலிருந்து ஓர் ஆசிரியையின் ஆங்கில மெயில். படத்தைத் தெலுங்கில் செய்கிறார்களாம். திக்கிப் பேசும் மாணவி ஒருத்தி, தானே எருமையாகப் பேசுகிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டாளாம். "உங்கள் எருமையைவிட அவளுக்கு அதிக நேரம் வேண்டியிருக்கிறது. காட்சிகளை நீட்டிக்கொள்ளட்டுமா?"

அண்ணனுக்குத் தமிழில் சொன்னேன். இரண்டு தடவை சொல்லச் சொன்னான். முகத்தைத் திருப்பிக்கொண்டு சட்டை பட்டனைப் போட்டான், ஏற்கெனவே போட்டிருந்த பட்டன்.

"எவ்ளோ நேரம் வேணா எ... எடுத்துக்கச் சொல்லு. அந்தப் பொண்ணு பேரு இன்னா? கேளு."

அப்படியே பதில் எழுதினேன், பேரையும் கேட்டு. கொடியில் துணி நனைகிறது.