உப்பின் பின்னால் போகும் தண்ணீர்

அன்புள்ள பொடியனுக்கு,

மீசை நரைத்தாலும் எனக்கு நீ பொடியன்தான். இங்கே எல்லோரும் நலம். நீ போனை எடுப்பதில்லை, அதனால் எழுதுகிறேன். கடிதத்தைப் பாதியில் துண்டிக்க முடியாதல்லவா?

உன் வீட்டுக்காரி நேற்றுப் பேசினாள். "ஒரு டம்ளர் தண்ணிய நாள் பூரா வச்சுக்கிட்டு உதட்ட நனைக்கிறாருக்கா, பார்க்க முடியல" என்று அழுதாள். டயாலிசிஸ் முடிந்து வந்தால் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறாயாம். யாராவது கேட்டால் மட்டும், "எங்கக்கா மருந்து கண்டுபிடிச்சிட்டு இருக்கா, அதுவரைக்கும் தாங்கிருவேன்" என்கிறாயாம். அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

முதலில் நல்ல சேதி. ஆபரேஷனில் எடுத்த உன் சிறுநீரகத்தை ஆய்வுக்குத் தரச் சம்மதித்தாயே, அதன் செல்கள் எங்கள் ஆய்வுக்கூடத்தில் வளர்ந்துவிட்டன. சின்னக் கிண்ணத்தில், சல்லடை போன்ற மெல்லிய தாளின்மேல், தரையில் பதித்த கல்போல நெருக்கியடித்துப் பரவியிருக்கின்றன. "உன் தம்பி பிடிவாதக்காரரோ?" என்று எங்கள் பேராசிரியை கேட்டார்.

நல்ல செல்கள் உப்பை மேலிருந்து கீழே இழுத்துக்கொள்ளும். உப்பு போகிற இடத்துக்குத் தண்ணீரும் போகும். உன் செல்கள் தலைகீழ். உப்பை மேலே தள்ளுகின்றன, தண்ணீரும் பின்னாலேயே வந்து தேங்குகிறது. அப்பாவுக்கும் உனக்கும் சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகள் வீங்கியது இப்படித்தான். நீ ஊறுகாய் தின்றதால் வந்ததில்லை. இனி அதைச் சொல்லி உன்னையே திட்டிக்கொள்ளாதே.

போன வாரம் அந்தக் கிண்ணத்தில் ஒரு மருந்தைச் சேர்த்தேன். ஆவியாகாமல் இருக்க மேலே துளி எண்ணெய் விட்டு மூடினேன். மறுநாள் மெல்லிய கண்ணாடிக் குழாயில் உறிஞ்சி அளந்தால், வழக்கமாகச் சேரும் நீரில் பாதிகூட இல்லை. நம்பாமல் திரும்பவும் செய்து பார்த்தேன். அதேதான். பேராசிரியை என்னைக் கட்டிக்கொண்டார். நான் கழிப்பறைக்குப் போய் அழுதேன்.

ஏனென்றால், கிண்ணத்தில் நடந்தது மாத்திரையாக வரப் பல வருடங்கள் ஆகும், வராமலும் போகலாம். வந்தாலும் வீங்கத் தொடங்கிய சிறுநீரகத்தைக் காக்குமே தவிர, ஓய்ந்துபோனதை எழுப்பாது. உன் மகளுக்குத் தேவைப்பட்டால் உதவட்டும். உனக்கு அது வராது, தம்பி. இதை வேறு யார் வாயாலும் நீ கேட்கக்கூடாது என்றுதான் நானே எழுதுகிறேன்.

அப்பாவிடமிருந்து உனக்கு நோய் வந்தது, எனக்கு அவர் மூக்கு வந்தது. "ரெண்டு கிட்னியும் சுத்தமா இருக்கு, தம்பிக்கும் பொருந்துது" என்று என்னைச் சோதித்த டாக்டர் சொல்லிவிட்டார். ஒன்றை உனக்குக் கொடுக்கட்டுமா என்று உன் அத்தானிடம் கேட்டேன். "எனக்கும் பயமாத்தான் இருக்கு. ஆனா குடுக்காம இருந்தா நீ நீயா இருக்கமாட்ட" என்று சொல்லிவிட்டு, பரணிலிருந்து பெட்டியை இறக்கித் தூசி தட்டினார்.

"அக்கா வயித்தக் கிழிச்சு நான் வாழணுமா?" என்று கேட்டாயாம். வாழணும்டா. ஒரு சிறுநீரகத்தோடு இருக்க என்னால் முடியும் என்கிறார்கள். தம்பி இல்லாமல் இருக்க முடியுமா என்று எந்த டாக்டரும் பரிசோதிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை வண்டிக்கு வருகிறோம். ஸ்டேஷனுக்கு அலையாதே. வேண்டாம் என்று சொல்வதானால் என் முகத்தைப் பார்த்துச் சொல். முடிந்தால்.

நீண்ட ஆயுளோடு இரு, என் கண்ணே.

அக்கா