ஆத்தா வராத ஆடி வெள்ளி

சம்பந்தியம்மா,

இன்று பாடாலூரில் எங்கள் இட்லிக்கடைக்கு எதிரே ஆடிக் கூழ் ஊற்றினார்கள். கூடவே பானகமும் கொடுத்தார்கள். டம்ளரை வாய்க்குக் கொண்டுபோனதும் சுக்கும் வெல்லமும் மணந்தன. உங்கள் முகம் வந்து நின்றது. தை மாதம் நெஞ்சுவலியில் போனவர், கூப்பிடாமலே வருகிறீர்கள். உயிரோடு இருந்தபோதும் அப்படித்தான் வருவீர்கள்.

என் மகளை விக்கிரமங்கலத்தில் உங்கள் மகனுக்குக் கொடுத்த பிறகுதான் நீங்கள் சாமியாடி என்று எனக்குத் தெரியும். ஆடி வெள்ளிக்கு விரதமிருந்து கோயில் வாசலில் நிற்பீர்கள். உச்சிப்பொழுது நெருங்கினால் உடம்பு நடுங்கும், வேர்த்து ஊற்றும், பேச்சு குழறும். "ஆத்தா வந்துட்டா" என்று சனம் கையெடுக்கும். அந்தக் குழறலில் ஆளுக்கொரு குறி எடுத்துக்கொள்வார்கள். பூசாரி பானகத்தை வாயில் ஊற்றுவார். சற்று நேரத்தில் எழுந்து உட்கார்ந்து, "என்ன நடந்துச்சு?" என்று கேட்பீர்கள். ஆத்தா மலையேறிவிட்டாள் என்பார்கள்.

நானும் கும்பிட்டேன். கும்பிட்டுவிட்டு உங்கள் காதில், "எங்க வூட்டுக்கு வரப்ப ஆத்தாவை இங்கயே வுட்டுட்டு வாங்க. அவளுக்கும் சேத்து இட்லி அவிக்க என்னால ஆவாது" என்றேன். முறைத்தீர்கள். அப்புறம் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தீர்கள்.

ஒரு நாள் விரதம் இல்லாமலே ஆத்தா வந்தாள், அதுவும் அரியலூர் பஸ் ஸ்டாண்டில். காலையில் சாப்பிடாமல் கிளம்பியிருந்தீர்கள். கூட வந்த என் மகள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், கடைக்குச் சாமான் வாங்க அங்கேயே வந்திருந்த எனக்கும் போன் போட்டாள். நான் போய்ச் சேர்ந்தபோது நர்ஸம்மா விரலில் குத்திப் பார்த்துவிட்டு, "சர்க்கரை ரொம்ப எறங்கிக் கெடக்கு" என்று குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டிருந்தார். எழுந்து உட்கார்ந்து, "என்ன நடந்துச்சு?" என்றீர்கள். நானும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். இரண்டு பேருக்கும் பூசாரியின் பானகம்தான் நினைவில் ஓடியது.

திருச்சி டாக்டர் விளக்கினார். கணையத்தில் எங்கோ ஒரு சின்னக் கட்டி ஒளிந்திருக்கிறது. அது கேட்காமலே இன்சுலினைச் சுரந்து ரத்தத்தில் உள்ள சர்க்கரையை இறக்கிவிடுகிறது. சாப்பிடாமல் இருந்தால் ஆபத்து, உயிரே போகலாம் என்றார். ஆனால் எடுத்த இரண்டு ஸ்கேனிலும் கட்டி தெரியவில்லை. எங்கே இருக்கிறது என்று தெரியாமல் எங்கே வெட்டுவது? சென்னையில் வேறு ஒரு ஸ்கேன் உண்டு, லேசான கதிர்வீச்சு உள்ள மருந்தை ஊசியில் ஏற்றினால் அது தேடிப்போய்க் கட்டியில் ஒட்டிக்கொள்ளும், கேமராவில் அந்த இடம் மட்டும் ஒளிரும் என்றார்.

உங்கள் மகன் துபாயில். என் மகள் முழுகாமல் இருந்தாள், அந்தக் கதிர்வீச்சுப் பக்கமே வரக்கூடாது. ஆகவே சென்னைக்கு உங்கள் பை தூக்க நான்.

மருந்து ஏறும்போது சர்க்கரை இன்னும் இறங்கலாம் என்று பக்கத்திலேயே குளுக்கோஸ் பாட்டிலைத் தொங்கவிட்டிருந்தார்கள். உள்ளே போகுமுன் என் கையைப் பிடித்துக்கொண்டீர்கள்.

"இதுலயும் தெரியலைன்னா?"

"ஊருக்குப் போயி குறி சொல்லுங்க."

"தெரிஞ்சுட்டா? இத்தனை வருசமா எனக்குள்ள வந்தது யாரு, சம்பந்தியம்மா?"

உங்கள் நெற்றி முடியை ஒதுக்கிவிட்டு உள்ளே அனுப்பினேன்.

படத்தில் இரண்டு சிறுநீரகமும் பளிச்சென்று எரிந்தன. "அது எல்லாருக்கும் அப்படித்தான். இதைப் பாருங்க" என்று, கணையத்தின் வால்பக்கம் தனியாக ஒளிர்ந்த புள்ளியைக் காட்டினார் டாக்டர். கொண்டைக்கடலை அளவுதான் என்றார். வெகுநேரம் பார்த்தீர்கள். கும்பிட்டுவிடுவீர்களோ என்று பயந்தேன். "இத்துனூண்டு இருக்கு" என்று மட்டும் சொன்னீர்கள்.

அன்றைக்குக் கர்ப்பிணிப் பக்கம் போகக்கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். அதனால் என் வீட்டில் தங்கல். "மருமவ மூஞ்சியப் பாக்கக் கூடாதுன்னு டாக்டரே சொல்லிட்டாரு. எந்த மாமியாளுக்கு இந்தக் குடுப்பினை?" என்றேன். தலையணை பறந்து வந்தது.

கட்டியை எடுத்தார்கள். உடம்பு தேறியது. ஆனால் அந்தக் கேள்வியை நீங்கள் விடவில்லை. அடுத்த ஆடி வெள்ளி, யார் சொல்லியும் கேட்காமல், பச்சைத் தண்ணீரோடு கோயில் வாசலில் போய் நின்றீர்கள். மடியில் குளுக்கோஸ் பாக்கெட்டை வைத்துக்கொண்டு நான் பக்கத்தில் நின்றேன். உச்சிப்பொழுது வந்தது. சனம் காத்திருந்தது. பூசாரி உடுக்கையை விடாமல் அடித்தார். உங்கள் கை நடுங்கவில்லை. பொழுது சாய்ந்தது.

என் பக்கம் குனிந்தீர்கள்.

"சம்பந்தியம்மா, வயித்தைக் கிள்ளுது. தல சுத்தல, கண்ணு இருட்டல. சும்மா கிள்ளுது. இது என்னா?"

"பசிம்மா."

"இதான் பசியா?"

பசி என்று தெரிவதற்குள் மயக்கம் வந்துவிடும் உடம்பு அது. அந்தப் பயத்திலேயே காலமெல்லாம் முன்னாடியே சோற்றை அள்ளிப் போட்டுக்கொண்டவர் நீங்கள். கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி, "ஆத்தா வரலைங்க. இனிமே எங்கிட்ட வருவாளான்னு தெரியல. வூட்டுக்குப் போயி சாப்புடுங்க" என்றீர்கள். சிலருக்குக் கோபம். ஒரு கிழவர், உங்கள் கையால் பூசிக்கொள்ளக் கொண்டுவந்த திருநீற்றைத் தட்டோடு வைத்துவிட்டுப் போனார். நீங்கள் அழவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. சோற்றுக்கு எழுந்து போகாமல், யாரோ விருந்தாளி வந்த மாதிரி, அந்தப் பசியோடு இன்னும் கொஞ்சம் உட்கார்ந்திருந்தீர்கள்.

இப்போதெல்லாம் கடையில் கூட்டம் ஓய்ந்து எனக்குப் பசித்தால் உடனே தட்டை எடுப்பதில்லை. சற்று உட்கார்ந்து பார்க்கிறேன். வெறும் பசிதான், வேறொன்றுமில்லை என்று தெரிந்த பிறகு சாப்பிடுகிறேன்.