பிரேக்கில் உறைந்த தேங்காய் எண்ணெய்

காரைக்குடி
2-1-1964

அன்பு மகன் சாதிக் அலிக்கு, உன் அம்மா ஆசியா பீவி எழுதுறது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லா கிருபையால இங்க அத்தாவும் நானும் உன் தங்கச்சி அமீனாவும் இருக்கோம், சாப்பிடுறோம், தூங்குறதுதான் நாலு நாளா இல்ல. காரணம் உனக்கே தெரியும், படிச்சதும் திருதிருன்னு முழிக்காதே.

அந்தக் குளிர் ஊர்ல உன்கூட மில்லுல வேலை பாத்து ஒரே ரூம்ல இருக்குற தேவகோட்டை ஹபீப் ரகுமான் லீவுல ஊருக்கு வந்தவன் நம்ம வீட்டுக்கும் வந்தான். நீ குடுத்துவிட்ட சால்வையைக் குடுத்தான், நல்லாருக்கு. டீயைக் கையில குடுத்துட்டு என் மகன் எப்படிப்பா இருக்கான்னுதான் கேட்டேன். கட்டுப் பிரிச்சாச்சும்மா, இப்போ கையை மடக்குறான்னு சொல்லிப்புட்டான். என்ன கட்டு, யாரு கையின்னு நான் கேட்டதும் அவனுக்கு முகம் செத்துப்போச்சு. உங்களுக்குச் சொல்லலையாம்மான்னு எந்திரிச்சு நின்னுட்டான். அப்புறம் உக்கார வச்சு ஒண்ணுவிடாமக் கேட்டு வாங்கினேன், அவனைக் கோவிக்காதே. சளி பிடிச்சிருக்கு, அதான் கடிதம் எழுதலைன்னு நீ எழுதுனியே, அந்தச் சளிக்காடா முழங்கையில மாவுக்கட்டுப் போட்டாக?

தலைக்குத் தேச்சுக்கன்னு நாங்க அனுப்புன தேங்காயெண்ணெயை சைக்கிளுக்கு விட்டியாமே. உன்னையும் குத்தம் சொல்ல முடியல. அத்தா வெள்ளிக்கிழமை தவறாம அந்த எண்ணெயைத்தான் செயினுக்கும் பிரேக் மூட்டுக்கும் விட்டுத் துடைப்பாக, அதைப் பாத்து வளந்தவன் நீ. ஆனா மார்கழிப் பனிக்கே நம்ம வீட்டுப் புட்டியில எண்ணெய் உறைஞ்சு, வெயில்ல வச்சுத்தானே தலைக்குத் தேப்போம், அது ஞாபகம் வரலையா? குழாய்த் தண்ணியே கல்லாப் போற ஊர்ல அது என்னத்துக்கு ஆகும்? மெழுகாட்டம் இறுகி, இறக்கத்துல பிரேக்கை அமுக்க அமுக்க அசையவே இல்லையாம். ரோட்டுல கண்ணாடியா ஐஸு. சைக்கிள் ஒரு பக்கம், நீ ஒரு பக்கம், எதிர்ல வந்த லாரி உன் தலைகிட்ட வந்து நின்னுச்சாம். அந்த லாரிக்காரன் பேரு தெரியாது, அவன் புள்ளகுட்டியோட நூறு வருசம் நல்லா இருக்கணும்.

அத்தா எல்லாத்தையும் கேட்டாக. அவுக சைக்கிளைக் கிணத்தடிக்குத் தள்ளிட்டுப் போயி, மண்ணெண்ணெய்த் துணியால அந்த எண்ணெயை எல்லாம் தேச்சுத் தேச்சு எடுத்தாக. ஐஸே இல்லாத நம்ம ஊர்ல அது ஏன்னு நான் கேக்கல. ஜவுளி மூட்டையை வச்சுக்கிட்டு சாக்கோட்டைக்குப் போறவுக இப்போ இறக்கம் வந்தா இறங்கித் தள்ளுறாகன்னு அமீனா சொல்றா.

கட்டுப் பிரிச்ச மறுநாளே திரும்ப சைக்கிள்ல ஏறிட்டியாமே, என்ன நெஞ்சழுத்தம்டா உனக்கு. முத பஸ்ஸு வர்றதுக்கு முன்னாடி மில்லுல ஷிப்டு தொடங்கிருதுன்னு ஹபீபு சொன்னான், சரி, வேற வழி இல்லைன்னா நான் சொல்றபடியாவது ஓட்டு. மிஷின் எண்ணெய் வாங்கி விடு. சீட்டை இறக்கி வச்சுக்க, நினைச்ச நேரம் காலு தரையில ஊனணும். டயர்ல காத்தைக் கொஞ்சம் இறக்கிவிட்டா பிடிமானம் இருக்குமாம், அங்க உள்ளவுக அப்படித்தான் செய்வாகளாம். காத்துக் கம்மியா ஓட்டுனா ரிம்மு போயிரும்னு அத்தா முணுமுணுத்தாக, போனாப் போகட்டும், என் புள்ளைக்கு முன்னாடி ரிம்மு என்ன பெருசா. வளைவுல சாயாதே, முன் பிரேக்கைத் தொடாதே, இறக்கத்துல இறங்கித் தள்ளு. பாத்துச் சிரிக்கிறவன் சிரிச்சுட்டுப் போறான்.

இன்னும் ரெண்டு வாரத்துல நோன்பு வருது, என் பயமெல்லாம் அதுலதான். மில்லு விட்டு வரையில பொழுது அடைஞ்சிருமாம், அப்பத்தான் ரோடு இறுக ஆரம்பிக்குமாம். வீட்டுக்கு வந்துதான் நோன்பு திறக்கணும்னு நீ பறந்து வருவே, உன்னை எனக்குத் தெரியாதா. வேணாம்யா. சட்டைப் பையில பேரீச்சம்பழம் வச்சுக்க, நேரம் ஆனா நின்ன இடத்துல சைக்கிளைச் சாத்தி, பிஸ்மி சொல்லித் திற. கையி வலிச்சா அன்னைக்கு நோன்பை விட்டுரு, பின்னால அதுக்குப் பதிலா இன்னொரு நாள் களா நோன்பு பிடிச்சுக்கலாம். காய்ச்சல்லயும் நோன்பு விடாத உன் அம்மாதான் இதை எழுதுறா, அதுக்காகவாவது கேளு.

தாள் முடியப்போகுது. அல்லா உனக்கு நீண்ட ஆயுசும், சறுக்காத வழியும் தரணும், அஞ்சு வேளையும் அதைத்தான் கேக்குறேன். இதுவரைக்கும் ரிம்மைப் பத்தி மட்டும் முணுமுணுத்த அத்தா இப்பத்தான் கிட்ட வந்து, உன்கிட்ட ஒண்ணு கேட்டு எழுதச் சொன்னாக. தொழுகையில நெத்தியைத் தரையில வச்சு சஜ்தா செஞ்சுட்டு, அந்தக் கையை ஊனி எந்திரிக்க முடியுதா, இல்ல ஒத்தக் கையிலதான் எந்திரிக்கிறியா? கேட்டுட்டு முகத்தைத் திருப்பிக்கிட்டாக. உள்ளது எதுவோ அதை எழுது தம்பி. பொய்யி மட்டும் எழுதிராதே.

உன் வழி பாத்திருக்கும் அம்மா,
ஆசியா பீவி