‘இல்லை’ என்ற கட்டத்தில் ஒரு டிக்

ஜூன் 14, சனி

தாய்லாந்து தீவுகளைச் சுற்ற நாங்கள் எட்டுப் பேர் வாடகைக்கு எடுக்கும் பாய்மரப் படகுக்கான படிவத்தை நாளைக் காலைக்குள் அனுப்ப வேண்டும். தனியாகப் படகோட்டி வேண்டாம் என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டோம். என் அண்ணன் சேவியரிடம்தான் லைசென்ஸ் இருக்கிறதே.

இன்று அவன் கையெழுத்துக்காக ஆழ்வார்பேட்டையில் ஒரு காபிக் கடையில் உட்கார்ந்தோம். படகு ஓட்டுபவருக்கு மயக்கம், வலிப்பு வந்ததுண்டா என்ற கேள்வியில் அவன் பேனா நின்றது.

“போன மாசம் பாத்ரூம்ல விழுந்துட்டேன். ஒரு நிமிஷம் நினைவே இல்ல. உங்க அண்ணிக்குத் தெரியாது, சொல்லிடாத.”

டாக்டரைப் பார்த்தாயா என்றேன். அதெல்லாம் தேவையில்லை என்றான். அங்கேயே படகு ஓட்ட ஒரு ஆளைப் போட்டுக்கொள்ளலாமே என்றேன்.

“அப்போ நான் எதுக்கு வரணும்? லக்கேஜ் தூக்கவா?”

‘இல்லை’ என்ற கட்டத்தில் டிக் அடித்துக் கையெழுத்தும் போட்டான். வந்த கோபத்தில் காபியை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்தேன். ஆனால் படிவத்தை மட்டும் மறக்காமல் எடுத்து வந்திருக்கிறேன்.

அண்ணியிடம் சொன்னால் அவன் என்னோடு பேசவே மாட்டான். சொல்லாவிட்டால், அந்தப் படகில் என் பிள்ளைகள் இரண்டும் இருக்கும்.

இப்போது மறுபடி படித்தேன். ஓட்டுபவருக்கு முடியாமல் போனால் படகை யார் ஓட்டுவார் என்று கீழே இன்னொரு கேள்வி. காலியாக விடக்கூடாதே என்று போன வாரம் நான்தான் அங்கே என் பெயரை எழுதினேன். அனுபவம் ஐந்து வருடம் என்றும் போட்டேன்.

எனக்கு நீச்சல்கூடத் தெரியாது.